"ஊரில் எந்தத் தெரு?"

நம் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர் பலர் படிப்பை முன்னிட்டும் பிழைப்பை முன்னிட்டும் சென்னை மாநகருக்குச் செல்கின்றனர். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் பல இருந்தும், பட்டம் பெற்ற பிள்ளைகளின் கண் தலைநகரையே நாடுகிறது. ஒடுகத்தூரில் பேருந்து ஏறி, காட்பாடியில் இரயில் பிடித்து, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும் பிள்ளைக்கு முதல் தேவை குடியிருக்க ஓர் இடம். வீடு பிடித்துவிடுகிறது, வாடகையும் முன்பணமும் ஒத்துவருகின்றன. அதன் பின்னரே வீட்டுக்குரியவரின் விசாரணை தொடங்குகிறது. சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? ஊரில் எந்தத் தெரு?

இக்கடைசிக் கேள்வியின் பொருள் தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் விளங்கும். ஊர்த்தெருவா, காலனியா என்பதே கேட்பவருக்குத் தெரிய வேண்டுவது. விடை பிடிக்கவில்லையெனில், "நேற்றே வேறொருவருக்குப் பேசிவிட்டோம்" என்னும் இனிய சொல்லோடு கதவு சாத்தப்படுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் இதனைச் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

"பட்டணத்தில் யார் சாதி கேட்கிறார்கள்?" என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. பேருந்திலும் உணவு விடுதியிலும் திரையரங்கிலும் அக்கூற்று பெரும்பாலும் உண்மையே. குடியிருப்பில்தான் அது பொய்த்துப் போகிறது. அஃது ஏன், அதனை மாற்ற இயலுமா என்பதைக் குடும்பங்களாகிய நாம் சற்றுச் சிந்திப்பது தகும்.

சுவரோடு பிறந்த நகரம்

இன்றைய பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அது 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. குப்பை அள்ளவும், குடிநீர் வழங்கவும், வாக்குச் சேகரிக்கவும் உரிய பிரிவினை இது. இதில் தீங்கொன்றுமில்லை. ஆனால் இந்த வரைபடத்தின் அடியில் இன்னொரு வரைபடம் உண்டு. அது எந்த அலுவலகத்திலும் தொங்குவதில்லை; எனினும் வீடு தேடுவோர் அனைவரும் அதனை அறிவர்.

அதன் தொடக்கத்தைக் காண வேண்டுமாயின் 1639ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் இடம் பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். கோட்டை மதிலுக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி 'வெள்ளையர் நகர்' எனப்பட்டது. மதிலுக்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் துவிபாஷிகளும் உழைப்பாளரும் வாழ்ந்த பகுதி 'கறுப்பர் நகர்' எனப்பட்டது. நகரம் தோன்றியபோதே அதன் நடுவே சுவரும் தோன்றிவிட்டது.

1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவர் மறைந்து வந்து தாக்குவர் என்று அஞ்சிய அக்காலத்து ஆட்சியாளர் இருதரப்பிலும் பழைய கறுப்பர் நகரை இடித்து வெட்டவெளியாக்கினர். மக்கள் மேலும் வடக்கே தள்ளப்பட்டனர். அவ்வெளியில்தான் பிற்காலத்தில், 1892ஆம் ஆண்டு, உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. இவ்வெல்லைக்குள் யாரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773இல் நாட்டப்பட்ட தூண்களுள் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. புதிய கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்குச் செலவான பணத்தை மக்களிடமே வரியாக வசூலிக்க எண்ணினர். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் ஓடும் வால்டாக்ஸ் சாலையே அது. நம் பிள்ளைகள் இரயிலிலிருந்து இறங்கியதும் காணும் சாலைகளுள் ஒன்று, ஒரு சுவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது! 'கறுப்பர் நகர்' என்னும் பெயர் 1911ஆம் ஆண்டுதான் 'ஜார்ஜ் டவுன்' என மாறியது.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரான்சு நாட்டுக் கப்புச்சின் துறவி எஃப்ரேம் அடிகளார் 1642ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். கோட்டைக்குள்ளேயே கத்தோலிக்கருக்கு ஆலயம் இருந்தது. 1749இல் நகரம் திரும்பக் கிடைத்ததும், கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உளவாயிருந்தனர் என்ற ஐயத்தின் பேரில், வெள்ளையர் நகரில் அவர்கள் குடியிருக்கலாகாது என ஆங்கிலேயர் தடை விதித்தனர். கோட்டைக்குள் இருந்த ஆலயமும் பறிக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. தனித்தனி மனிதர் செய்த குற்றம் ஆராயப்படவில்லை. இன்ன சமயத்தார் என்பதே வெளியேற்றுவதற்குப் போதிய காரணமாயிற்று. "உங்களுக்கு இங்கே வீடில்லை" என்னும் சொல்லை நம் முன்னோரும் கேட்டிருக்கின்றனர்.

இரு கைகளுக்கு இரு பேட்டைகள்

பிரித்து வைத்தவர் வெள்ளையர் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. கறுப்பர் நகருக்குள்ளேயே நம்மவர் இட்டுக்கொண்ட கோடுகள் பல. அக்காலத்துச் சாதிகள் பெரும்பாலும் வலங்கை, இடங்கை என்னும் இரு அணிகளாக நின்றன. சென்னையில் வலங்கை அணியில் கோமுட்டிச் செட்டிகளும், இடங்கை அணியில் பேரிச் செட்டிகளும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். எந்தத் தெருவில் எவருடைய திருமண ஊர்வலம் செல்லலாம் என்பதே பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று.

1707ஆம் ஆண்டு, தாமஸ் பிட் ஆளுநராயிருந்தபோது, இப்பூசல் முற்றியது. ஓர் அணியினர் நகரைவிட்டே வெளியேறிச் சாந்தோமில் தங்கினர். வணிகமும் வேலைகளும் நின்றன. இறுதியில் காணப்பட்ட தீர்வு, குடியிருப்பைப் பிரிப்பது. வலங்கையாருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என முடிவாயிற்று. சண்டை ஓய்ந்தது உண்மையே. ஆனால் பூசலின் மூலகாரணம் அப்படியே இருக்க, மனிதரை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தனர். பிரித்து வைப்பதே அமைதி என்னும் பழக்கம் இவ்வாறு நகரத்தின் இரத்தத்தில் ஊறிவிட்டது.

ஒரே தொழிலார் ஓரிடத்தில் கூடி வாழ்வது வேறு வகை. துணி வெளுப்போர் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும், 1734ஆம் ஆண்டு நெசவாளருக்கென அமைக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையும் அத்தகையவை. பெரியமேட்டில் இன்றும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர் கிடங்கு வைத்திருப்பதும் அவ்வாறே. தொழிலும் உறவும் வழிபாடும் மனிதரை ஓரிடத்தில் சேர்ப்பது இயல்பு. ஆயினும் விரும்பிக் கூடி வாழ்வது வேறு, வேறிடம் கிடைக்காமல் ஒதுங்கி வாழ்வது வேறு. பிரித்தறிய எளிய வழி உண்டு. அவ்விடத்தைவிட்டு வெளியேறி அடுத்த தெருவில் வீடு கேட்டால் கிடைக்குமா? கிடைக்குமெனில் அது பேட்டை. கிடைக்காதெனில் அது வேலி.

வருவாய் என்னும் வேலி

இருபதாம் நூற்றாண்டில் நகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தை அடுத்து மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. 1961இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர் போன்ற புதுக் குடியிருப்புகளை அமைத்தது. மனைகளும் வீடுகளும் குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என வகுக்கப்பட்டன. சாதியின் பெயரைச் சொல்லாத பிரிவினை இது. எனினும் எந்தச் சாதியாரிடம் நிலமும் கல்வியும் அரசுப்பணியும் முன்னரே சேர்ந்திருந்தனவோ, அவர்களே உயர் பிரிவில் பெரும்பாலும் இடம் பெறுவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

வருவாய்ப் பட்டியலில் இடமே பெறாதோர் குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுக்கென 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதற்கான சட்டமும் இயற்றப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டித் தந்தது. மீனவர் கடற்கரையிலேயே இருந்தனர். சுமை தூக்குவோர் சந்தைக்கு அருகிலேயே இருந்தனர். ஏழைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று, வேலைக்கு நடந்து செல்லும் தொலைவும் அதில் அடங்கும் என்பதை அன்று உணர்ந்திருந்தனர்.

காலப்போக்கில் நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறியது. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2015ஆம் ஆண்டு பெருவெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்ற இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதியே.

இக்குடும்பங்களில் தாய்மார் பலர் வீட்டு வேலை செய்து பிழைப்பவர். பழைய இடத்தில் நடந்து சென்று நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர், புதிய இடத்திலிருந்து விடியலில் பேருந்து ஏறி இரண்டு வீடுகளில்தான் பார்க்க முடிகிறது. பிள்ளைகள் பள்ளியை மாற்றுகின்றனர். சிலர் பள்ளியையே விட்டுவிடுகின்றனர். முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கிறார்கள் என்பது கண்ணகி நகர் இளைஞரின் நெடுநாளைய குறை. 2025ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம் பெற்ற கார்த்திகா, தம் ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தம்மைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' எனப் பெருமையுடன் சொல்லிக்கொண்டபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. ஒரு முகவரியின் மீது படிந்த கறையைத் துடைக்க ஒரு தங்கப் பதக்கம் தேவைப்பட்டது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

'காலனி' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். மாநகரில் வங்கி அலுவலர் காலனி என்றால் மதிப்பு. நம் பக்கத்துச் சிற்றூர்களில் காலனி என்றால் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு. இச்சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க செயல். ஆனால் பெயரை அழித்தால் தொலைவு குறைந்துவிடுமா?

எண்ணிக்கை சொல்லும் உண்மை

"இவையெல்லாம் வறுமையால் வரும் பிரிவுகள், பணம் வந்தால் தாமே மறையும்" என்று சிலர் வாதிடலாம். 2012ஆம் ஆண்டு ட்ரீனா விதயத்தில், காயத்ரி சிங் என்னும் ஆய்வாளர் இருவர் சென்னை உள்ளிட்ட 7 இந்தியப் பெருநகரங்களின் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வார்டு வார்டாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொருளாதார நிலையால் ஏற்படும் குடியிருப்புப் பிரிவினையைவிடச் சாதியால் ஏற்படும் பிரிவினையே மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு. சுகதேவ் தோரட் முதலானோர் தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒத்த கல்வியும் வருவாயும் இருந்தும், தலித்துகளும் இசுலாமியரும் பெயரைச் சொன்ன அளவிலேயே மறுக்கப்பட்டனர் என்பதை அது காட்டிற்று.

ஆகவே பணம் மட்டும் இவ்வேலியை நீக்காது. வாடகை கொடுக்கக் கையில் பணமிருந்தும் கதவு திறக்கவில்லை எனில், பூட்டு வேறெங்கோ இருக்கிறது. சட்டமும் இதனைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ இயலாதபடி தடுப்பதைக் குற்றமெனக் கூறுகிறது. ஆனால் "நேற்றே பேசிவிட்டோம்" என்னும் இனிய பொய்யை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

மாற்ற இயலுமா?

இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நம் மக்கள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற சிங்கப்பூரைப் பாருங்கள். 1822ஆம் ஆண்டு ராபிள்ஸ் துரையின் ஆணைப்படி வகுக்கப்பட்ட நகர்த்திட்டம் சீனருக்கு ஓரிடம், மலாய்க்காரருக்கு ஓரிடம், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்கு ஓரிடம் எனக் கூறு போட்டது. 1964ஆம் ஆண்டு அந்நகரில் இனக் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. 1989ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு, வீடமைப்புக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் அடுக்குமாடித் தொகுதியிலும் ஓர் இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என வரம்பு விதித்தது. அதில் குறைகளும் உண்டு. சிறுபான்மையினர் தம் வீட்டை விற்க முயலும்போது வாங்குவோர் தொகை சுருங்கிவிடுகிறது. எனினும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் மக்களாகப் பல இனத்தாரை அது ஆக்கிற்று.

நம் மாநிலத்திலும் 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திட்டம் உண்டு. முதலாவது சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் ஒதுக்கப்பட்டன. வீடுகள் கலந்தே அமைந்தன. பழைய ஊர்களின் நடுவே இடம் காண்பது அரிதாகையால், ஒன்றாக வாழ்வதற்கே புதிதாக ஊர் அமைக்க வேண்டியிருந்தது!

அரசு இரு குடும்பங்களை அருகருகே குடியமர்த்தலாம். ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குச் செல்வதை எந்த அரசும் ஆணையிட இயலாது. அந்த வேலை நம்முடையது.

நம் கையில் உள்ள சாவி

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அதனைக் கட்டியபோது, இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது திருப்பலியில் பங்கேற்கும் வண்ணம் இரு தனித்தனிக் கூடங்களாக அமைத்து, நடுவே தடுப்பும் வைத்தனர். 1910ஆம் ஆண்டு கௌசானல் அடிகளார் காலத்தில் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. எதிர்த்தோர் உயர்நீதிமன்றம் வரை வழக்காடியும் வெற்றி பெறவில்லை. எந்த ஆலயத்தில் சுவர் எழுப்பினரோ, அதே ஆலயத்தில் அதனை இடிக்கவும் முடிந்தது. மனிதர் கட்டிய எதனையும் மனிதர் இடிக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நம் பங்குக் குடும்பங்களில் வேலூரிலோ, ஆம்பூரிலோ, சென்னையிலோ ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் இன்று பலர். ஓய்வுக்காலப் பணத்தில் கட்டிய மாடிப் பகுதியாக இருக்கலாம்; பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடாக இருக்கலாம். வாடகையாளர் ஒழுங்காகப் பணம் தருவாரா, வீட்டைத் துப்புரவாக வைப்பாரா என்று கேட்பது வீட்டுக்குரியவரின் உரிமை. அதற்கு மேல் கேட்கும் கேள்வி எதுவாயினும், அதனைக் கேட்குமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதே மாதத்தில், அதே மாலைப்பொழுதில், நம் மகளோ பேரனோ வேறொரு நகரில் வேறொருவர் வாசலில் நின்று அதே கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் வீட்டை விடும்போது, தரகரிடம் "யாராயினும் சரி, நேர்மையானவராக இருந்தால் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தரகரும் அடுத்த வாடகையாளரிடம் தெருவை விசாரிக்கத் தேவை இராது.

ஊரிலும் செய்யத்தக்கன உண்டு. திருவிழாத் தேர்ப்பவனி எத்தெருக்களின் வழியே செல்கிறது, எத்தெருவின் முனையில் திரும்பிவிடுகிறது என்று ஒவ்வொரு பங்கும் தன் வரைபடத்தை எடுத்துப் பார்க்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் கோடு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். 2016ஆம் ஆண்டு இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு பெரும் பாவமெனக் கருதப்பட வேண்டும் என்பதை நினைவூட்டியது. அவ்வறிக்கையை அச்சிட்டு அலமாரியில் வைப்பதால் பயனில்லை. தேர் இதுவரை போகாத தெருவுக்குள் ஒருமுறை போகட்டும். அத்தெரு மக்கள் தம் வாசலில் கோலமிட்டு விளக்கேற்றி நிற்பதைப் பங்கு முழுவதும் காணட்டும்.

சென்னை போன்ற மாநகரம் ஒரே நாளில் மாறிவிடாது. 380 ஆண்டுகளுக்கு மேலாக இட்ட கோடுகள் அதன் மீது உள்ளன. ஆனால் மாநகரம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒடுகத்தூரும் ஆம்பூரும் ஆரணியும் செய்யாறும் அனுப்பி வைத்த மனிதரால் நிறைந்தது அது. நாம் இங்கே எதைக் கற்பித்து அனுப்புகிறோமோ, அதையே அவர்கள் அங்கே கட்டுவர்.